இடத்தங்கைக்கு ஒரு நல்ல உறை

செருப்பு வாங்கும்போது இடது எது, வலது எது என்று பார்க்காத ஆள் கிடையாது. துப்பாக்கி உறை வாங்கும்போது மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மேசைமேல் நீங்கள் வைத்திருக்கிற அந்த உறையைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஏமானே. சொல்கிறேன். அதற்கு முன்னால் சாயாவுக்கு நன்றி. போலீஸ் ஸ்டேஷன் சாயாவில் சீனி இருக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்.

நான் கோட்டாற்றில் தோல் வேலை செய்கிற இஸ்ரவேல். குதிரைச் சேணம், வில்வண்டி வார், வேத புத்தகத்துக்கு உறை, எல்லாம் தைப்பேன். நான் தைத்த சேணத்தைக் கழற்றியதும் ஒரு குதிரை தீனி எடுக்காமல் கண்ணீர் விட்டது. கடைசியில் சேணத்தோடேயே உறங்க வைத்தார்கள். குதிரை இப்போது உயிரோடு இல்லை. இருந்தால் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம்.

யூஜின் துரை என் கடைக்கு வந்தது சித்திரை மாதம். மலையடிவாரத்து ரப்பர் எஸ்டேட்டில் சூப்பிரண்டு. நம் ஊர்ப் பையன்தான், உபாத்தியாயர் மகன். தொப்பி வைத்ததால் துரை ஆகிவிட்டார். எஸ்டேட்டில் ஒரு ஒற்றைக் காட்டுப்பன்றி திரிந்தது. ரப்பர் பால் வெட்டப் போன இரண்டு பேரைக் கிழித்துப்போட்டிருந்தது. காலையில் மரங்களுக்கு நடுவே இவர்தான் முன்னால் நடக்க வேண்டும். கம்பெனி ஒரு கைத்துப்பாக்கியும் கொடுத்து, உறையும் கொடுத்திருந்தது. உறை வலது கைக்காரருக்கானது.

"பாட்டா, ஓடையில குனிஞ்சேன். துப்பாக்கி வெள்ளத்துல விழுந்துட்டு," என்றார். "விழவும் கூடாது, எடுக்கணும்னா உடனே வரவும் செய்யணும். அப்படி ஒண்ணு தைக்க ஒக்குமா?"

எடுத்துக் காட்டச் சொன்னேன். அவர் கடைவாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தெருவில் யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் இடது கையை நீட்டினார். சின்ன வயதில் அந்தக் கையில் அம்மா வேப்பெண்ணெய் தடவியிருக்கிறாள், அப்பா அதைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். இவ்வளவு வைத்தியம் பார்த்தும் கை திருந்தவில்லை.

வலது கைக்காரனின் உறையை இடது இடுப்பில் மாட்டினால், வாரைப் பூட்டுகிற பித்தளைக் குமிழ் உடம்புப் பக்கம் போய்விடும். பெருவிரல் அதைத் தேடிக்கொண்டிருக்கும். பன்றி எதையும் தேடாது, நேராக வரும். அதனால் இடது கைக்காரர் உறை வாங்கினால் முதலில் குமிழைப் பாருங்கள், வெளிப்பக்கம் இருக்க வேண்டும். விசையை முழுதும் தோல் மூட வேண்டும். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் துப்பாக்கி அசையக் கூடாது. கை போட்டால் வெண்ணெய்போல வர வேண்டும். இவ்வளவையும் மனதில் வைத்துத்தான் நல்ல பதமான மாட்டுத்தோலை வெட்டினேன். அதுவரை என் மனதில் ஒரு குறையும் இல்லை. இது முக்கியம், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம் எங்கள் வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. பண்டிகை முடிந்தால் அசனம் என்று பொதுச்சாப்பாடு. பணக்காரன், ஏழை எல்லாரும் ஒரே பந்தியில் தரையில் உட்காருவோம். ஊரில் பெரிய ஆட்கள் பரிமாறுவார்கள். இந்த வருஷம் சோறு போடுகிற மரியாதையை யூஜின் துரைக்குக் கொடுத்தார்கள். அவர் வலது கையில் அகப்பையைப் பிடித்து, பாதிச் சோறு இலையிலும் பாதி ஆட்கள் மடியிலுமாகப் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் குறை சொல்லவில்லை. மடியில் விழுந்த சோறும் அசனம்தானே.

என் இலைக்கு வந்ததும் நின்றார். சிரித்தார். அகப்பையை இடது கைக்கு மாற்றினார்.

"உங்கக்கிட்ட எனக்கு என்ன மறைவு பாட்டா? எனக்க இடத்தங்கையை அறிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான்," என்று சொல்லி, ஒரு பருக்கை சிந்தாமல் அழகாகப் போட்டார்.

பந்தி முழுக்கச் சாப்பிடுகிற கை நின்றுவிட்டது. எதிர் வரிசையில் கோயில் மணி அடிக்கிற யேசுரத்தினம். "ஓய் இஸ்ரவேலு, பீச்சாங்கைச் சோறு எப்படி இருக்குவே? குண்டி கழுவுன மணம் வருதா?" என்றான். சிரிப்பு பந்தியின் அந்தக் கோடிவரை போய், திரும்பி என்னிடம் வந்தது. நானும் சிரித்தேன். சாப்பிட்டேன். அசனச் சோற்றை மிச்சம் வைக்கக் கூடாது.

யேசுரத்தினத்தின்மீது ஏன் எனக்குக் கோபம் வரவில்லை என்று உங்கள் ரைட்டர் கேட்கிறார். நியாயமான கேள்வி. யேசுரத்தினத்துக்கு உறை தேவைப்படவில்லை.

மறுநாள் வேலையில் உட்கார்ந்தேன். உறைக்கு உள்ளே ஒரு அடுக்கு கொடுத்தால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றியது. செண்டை மேளத்துக்குத் தோல் கட்டுகிறவரிடம் போய்ப் பதப்படுத்தாத எருமைத்தோல் ஒரு துண்டு வாங்கினேன். செண்டையைப் பார்த்திருப்பீர்கள். மழையில் தோல் தொங்கும், வெயிலில் காட்டினால் இறுகிக் கணீரென்று பேசும். பச்சைத்தோலின் குணம் அது. நனைந்தால் இளகும். காய்ந்தால், உள்ளே எது இருக்கிறதோ அதைக் கட்டிப் பிடிக்கும். பெற்ற தாய்கூட அப்படிப் பிடிக்கமாட்டாள். அந்தத் தோலை உள்ளே வைத்துத் தைத்து, மேலே நல்ல தோலைப் போட்டு, மெழுகு தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். என் ஆயுசில் அதைவிட அழகான தையல் போட்டதில்லை.

யூஜின் துரை மனைவி நேசம்மாளோடு வந்து வாங்கினார். வயிற்றுப்பிள்ளைக்காரி. அவள்தான் அவரைக் கடைக்குள்ளேயே குதிக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள், எடுக்கச் சொன்னாள். துப்பாக்கி விழவில்லை. கை போட்டதும் வெண்ணெய்போல வந்தது. இந்தத் தடவை அவர் வாசலைப் பார்க்கவில்லை.

"இனி எனக்கு உறக்கம் வரும் பாட்டா," என்றாள் நேசம்மாள்.

நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன். மழையில் நனைந்தால் துப்பாக்கியை வெளியே எடுக்காமல் அப்படியே வெயிலில் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் வடிவம் கெட்டுவிடும் என்றேன். "சரி பாட்டா," என்றார். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பையன். துப்பாக்கி துருப்பிடிக்குமே என்றுகூடக் கேட்கவில்லை.

பிறகு கொல்லம் ஆயிரத்து நூற்று ஒன்பதின் ஆடிமழை. உங்களுக்கே தெரியும், மலையோரத்தில் எப்படிப் பெய்தது என்று. ஓணானுக்குக்கூட ஜலதோஷம் பிடித்தது. ஒரு நாள் மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வெயிலைப் பார்த்துவிட்டு நான் கடையில் விளக்கேற்றி ஜெபம் பண்ணினேன். யாருக்காக என்று இப்போது ஞாபகமில்லை.

நடந்ததைச் சொன்னது சுயம்பு, எஸ்டேட் கங்காணி. அழுதுகொண்டே வந்தான்.

"பாட்டா, பன்னி தூரத்துலயே கண்ணுல பட்டுது. ஓடிருவோம் தொரைன்னேன். 'நீ எனக்க பொறத்தால நில்லு, பாட்டா தச்ச உறை இருக்கு'ன்னாரு. சிரிச்சிட்டேதான் கையப் போட்டாரு. இழுத்தாரு, இழுத்தாரு, வரேல்ல. ரெண்டு கையாலயும் இழுத்தாரு. பன்னி பக்கத்துல வந்த பொறவும் இழுத்துட்டேதான் நின்னாரு."

பன்றியைப் பிறகு நாய்விட்டு மடக்கிக் குத்தினார்கள். சுயம்பு எனக்கும் ஒரு பங்கு தேக்கிலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தான். வேண்டாம் என்றால் மனம் நோவான். மிளகு போட்டுக் கறி வைத்தேன். கொஞ்சம் முற்றல்.

அடக்கத்தில் நான்தான் பாட்டுக்கு முதல் எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நேசம்மாள் ரத்தக்கறை போக உறையைத் துப்பாக்கியோடு தொட்டித் தண்ணீரில் போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி தானாக வழுக்கி வெளியே வந்திருக்கிறது. அவள் திரும்ப உள்ளே வைத்து வெயிலில் காயவைத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு, அந்த வயிற்றோடு, உங்களிடம் நடந்து வந்திருக்கிறாள். படித்த பெண். உங்கள் கான்ஸ்டபிள்கள் மூன்று பேர் காலை ஊன்றி இழுத்தும் அது வரவில்லை. இதைவிடப் பாதுகாப்பான உறை திருவிதாங்கூரில் இல்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். தோல் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்து, பன்றி இருக்கிறது என்று தெரிந்து, வெயிலில் காயவைக்கும்படி என் வாயால் சொல்லிக் கொடுத்துச் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சோற்றுக்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். அவ்வளவு சின்ன மனுஷன் அல்ல நான். அந்தப் பையன் என்னை நம்பித்தான் கையை மாற்றினான் என்று எனக்கு அப்போதே தெரியும். கை என்றால் கைதான், இடது என்ன, வலது என்ன. ஆண்டவர் படைத்தது. இதையெல்லாம் நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

எழுதி முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வாசித்துக் காட்ட வேண்டாம். காகிதத்தைத் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கையால் வேண்டாம், ஏமானே. வலது கையில் பேனா இருக்கிறது, தெரிகிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சோத்தாங்கையால் தாருங்கள். அவசரமில்லை. எனக்குப் பொறுமை உண்டு.