மாகறல் பஸ்ஸில் துரியோதனன்

மாகறல் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் டிரைவரிடம், "பொழுது சாயறதுக்குள்ள நான் சாவணும், வேகமா போப்பா" என்றார். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் அன்று துரியோதனன் வதம், அவர்தான் துரியோதனன் என்று பேச்சில் தெரிந்தது.

கூட இருந்த மைத்துனர் கேட்டார்: "சினிமாக் கம்பெனியில கூப்புட்டுக்கினே கீறாங்க. ஏன் மாமா போவ மாட்டேன்ற?"

"போய்ப் பாத்தேன்பா. வசனம் ஒருத்தன் எழுதுவானாம், பாட்டு ஒருத்தன் பாடுவானாம், நான் வாயசைக்கணுமாம். இங்க ஆர்மோனியம் வாசிக்கறேன், பாடறேன், ஆடறேன். வசனம் தானா நாக்குல வருது."

"பேரு வருமே மாமா?"

"அங்க நான் செத்தா ஜனங்க எழுந்து வூட்டுக்குப் போவாங்க. இங்க நான் வுழுந்தாத்தான் திரௌபதியம்மா விரிச்ச கூந்தலை முடிவா."

மைத்துனர் தலையாட்டினார். "சரி, மாமா வர மாட்டாருன்னு சொல்லிடறேன்."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.