கடைசிச் சக்கரத்தின் மஞ்சள் கோடு

“பின்சீட்டைக் கழட்டினப்பவே உங்க புத்தியும் கழண்டு போச்சா? அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?”

“மெதுவாப் பேசு. பக்கத்துல காது இருக்கு.”

“இருக்கட்டுமே. கேட்டாதான் என்ன?”

அந்தக் காது என்னுடையதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் அப்போது பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் பொங்கும் நேரத்தில் அடுப்பைவிட்டு நகரக்கூடாது என்பது உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும். என் அடுப்புக்கு நேராக ஜன்னலும், ஜன்னலுக்கு நேராக அவர்களுடைய கார் ஷெட்டும் அமைந்தது வீடு கட்டிய மேஸ்திரியின் வேலை. அதனால் ஒட்டுக்கேட்டேன் என்று எழுதாதீர்கள். காதில் விழுந்தது என்று எழுதுங்கள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அவர் மனைவி பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். இரண்டு பேருமே சத்தமில்லாத வேலைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் மட்டும் மனிதருக்கு வேகப் பைத்தியம் பிடித்துவிடும். ஊருக்கு வெளியே ஒரு ரேஸ் மைதானம் இருக்கிறதல்லவா, சில நாட்களில் அதைச் சாதாரண ஜனங்களுக்கும் திறந்துவிடுவார்கள். அவரவர் காரைக் கொண்டுபோய் முடிந்த மட்டும் விரட்டலாம். எவ்வளவு விரட்டினாலும் புறப்பட்ட இடத்துக்கேதான் திரும்பி வர வேண்டும். அதற்குத்தான் அத்தனை அவசரம். ‘ராக்கெட்’ என்று அவருக்குப் பெயர் வைத்தது நான். ஒரே வாரத்தில் தெரு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

காரை வீட்டிலேயே பிரித்தார். பின்சீட்டு மொட்டைமாடிக்குப் போனது. காக்கைகள் அதில் ஜோடியாக உட்கார்ந்து காற்று வாங்கின. கால்விரிப்பு, ஏசி, பாட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எடை குறைக்கிறாராம். “வண்டியைப் பிரிக்கறதுக்குப் பதிலா அவர் தொப்பையைக் குறைச்சா பாதி வேலை முடிஞ்சிருக்குமே” என்று அவர் மனைவியிடமே சொன்னேன். மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். எங்களுக்குள் அவ்வளவு நல்ல பழக்கம்.

வண்டி உருண்டாலும் தலை நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாயால் ஒரு கூண்டு வைத்தார்கள். அதற்கு ஒரு வெல்டர் வந்தான். வாட்டசாட்டமானவன், அதிகம் வாய் திறக்காதவன். வாய் திறக்காதவர்களிடமிருந்து சேதி எடுப்பது கஷ்டம். அதனால் என் மகளை அனுப்பினேன். பிளாஸ்க்கில் டீயை ஊற்றி, “குடுத்துட்டு அப்படியே என்னென்ன நடக்குதுன்னு பாத்துட்டு வாடி” என்பேன். அரைமணி நேரம் கழித்து வெறும் பிளாஸ்க்கோடு வந்து, “குழாயை வளைக்கறாங்கம்மா” என்பாள். மறுநாளும் அதே குழாய், அதே வளைவு. பெற்ற தாயின் சாமர்த்தியத்தில் கால்வாசிகூட அவளுக்கு வரவில்லையே என்று நொந்துகொள்வேன்.

இப்போது சக்கரத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதும் அதைத்தானே.

ராக்கெட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் சுற்றிவிட்டு, ஜாக்கியை இறக்குவார். பிறகு ஒரு நீளமான ஸ்பேனரால் முறுக்குவார். போதுமான அளவு இறுகியதும் அந்த ஸ்பேனர் ‘டிக்’ என்று சொல்லும். சொன்னதும் அவர் மனைவி குனிந்து, நட்டிலிருந்து சக்கரம்வரை மஞ்சள் மையால் ஒரு கோடு போடுவாள். கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஸ்பேனரைத் தொடவே மாட்டார். கோட்டை மட்டும் பார்ப்பார். நரம்பு தேடி ஊசி போடும் கை அல்லவா, அவள் கோடு ஒவ்வொன்றும் அவ்வளவு அழகாக இருக்கும். அவர் முறுக்க, இவள் கோடு போட, டிக், கோடு, டிக், கோடு. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து பூத்தொடுப்பதுபோல் இருக்கும். பார்க்க எனக்கும் பிடிக்கும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று சக்கரம் முடிந்திருந்தது. நான்காவது, முன்பக்கம் இடதுபுறம். ஜாக்கியை இறக்கி, ஸ்பேனரைக் கையில் எடுத்த நேரத்தில்தான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

என் மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. நல்ல இடம். பையன் கப்பலில் இன்ஜினியர். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள், புடவை நிறம்வரை பேசியாகிவிட்டது. பிறகு ஒருநாள் போனை எடுக்காமல் விட்டார்கள். யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஊரில் யார் வீட்டு வரன் எதனால் தட்டிப்போனது என்று கேட்டால் நான் சொல்வேன். என் வீட்டு வரன் எதனால் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அவமானம் உங்களுக்குப் புரியாது.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டாங்க, சொன்னேன்” என்றார் ராக்கெட். “பொண்ணு தங்கம், அம்மாதான் ரேடியோ. கல்யாணம் ஆச்சுன்னா உங்க வீட்டுப் படுக்கையறை வரைக்கும் தெருவுக்கு வந்துரும்னேன். இதுல எது பொய், சொல்லு?”

“பொய்யில்லைன்னா சொல்லிரணுமா? டீ குடுத்த கைக்கு இதுவா கைம்மாறு?”

“காரணம் இருக்கு. அதை மட்டும் கேக்காத. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“என்ன வாக்கு? யாருக்கு?”

“கேக்காதன்னு சொன்னேன்ல.”

வாக்காம். மாட்டிக்கொண்ட ஆம்பிளைகள் எல்லாரிடமும் அப்படி ஒரு வாக்கு இருக்கும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அதையும் துடைக்கவில்லை.

ஸ்பேனரைப் பாயின்மேல் வீசிவிட்டு அவர் தெருவில் இறங்கிப் போனார்.  அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, நான்காவது சக்கரத்துக்கும் கோடு போட்டாள். கை தன் பழக்கத்தில் தன் வேலையைப் பார்த்துவிட்டது. ஷட்டரை இழுத்து மூடிவிட்டு உள்ளே போனாள். ‘டிக்’ வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அவர் திரும்பி வந்தார், செருப்பைக் கழற்றினார், நேரே வீட்டுக்குள் போனார். ஷெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் நடந்தது உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. காரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வளைவில் இடது முன்சக்கரம் தனியே ஓடியது, கார் சுவரை நோக்கிப் போனது. வெல்டரின் கூண்டு கொஞ்சமும் நசுங்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் வேலை சுத்தம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மனிதரின் கழுத்துதான் தாங்கவில்லை.

அவள் பல நாள், “நான்தான் கோடு போட்டேன், நான்தான் கொன்னேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நல்லதை யார் எழுதுகிறார்கள்.

பிறகு அவளுக்கு ஞாபகம் வந்து உங்களிடம் என்னவோ சொல்லியிருக்கிறாள். நீங்களும் வந்தீர்கள். நல்ல மனிதர். “அம்மா, சாயங்கால வெளிச்சம், வயசான கண்ணு, நீங்க தப்பாப் பாத்துட்டு நல்லெண்ணத்துல சொல்லியிருப்பீங்க. அப்படியே எழுதிக்கறேன், கையெழுத்துப் போடுங்க” என்றீர்கள். உங்கள் இரக்கத்துக்கு நன்றி. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நான் தப்பாகப் பார்க்கவில்லை. இந்தத் தெருவில் யார் வீட்டுக்கு யார் எந்தச் சட்டையில் வந்தார், எந்த முகத்தோடு போனார் என்பதில் இன்றுவரை ஒரு பிசகு கிடையாது. என்னைப் புறம்பேசுகிறவள் என்று சொல்லலாம், பொல்லாதவள் என்று சொல்லலாம். அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் பேசுகிறவள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. நீங்கள் முதல் ஆளாக இருக்க வேண்டாம்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஞாயிறு காலை, லாரிக்காரன் வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். ராக்கெட் ஒவ்வொரு சக்கரமாகக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். அவள் மதிலோரம் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, நேத்து எங்க சண்டையெல்லாம் கேட்டிருப்பீங்க.”

“எந்தச் சண்டைம்மா?”

“சும்மா இருங்கக்கா. உங்களுக்கா தெரியாது?” அழுத முகத்திலும் லேசாகச் சிரித்தாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் உள்ள போனப்புறம் அவர் வந்து கடைசிச் சக்கரத்தை முறுக்கினாரா? நான் கோவத்துல கோட்டைப் போட்டுட்டேன். அவர்கிட்ட நான் பேசறதில்ல, கேக்கவும் மனசு வரல. உங்க கண்ணுக்குத் தப்பியிருக்காது.”

தாலி கட்டியவரிடம் கேட்கக் கூசியதை என் கண்ணை நம்பிக் கேட்டாள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

“முறுக்கினார்” என்றேன். “டிக்குனு சத்தம் கேட்டுச்சு. போயிட்டு வாங்க.”

அவ்வளவுதான். அவர் மாப்பிள்ளை வீட்டில் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. காலமெல்லாம் நான் பேசியது உண்மை. அதற்காகத் தெரு என்னைத் திட்டியது. வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னேன். “நல்லா இருங்கக்கா” என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே யோசியுங்கள். அவர் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். நினைத்தேன். பால் சட்டியைத் தேய்க்கும்போதே நினைத்துவிட்டேன்.

அவள் இப்போது இங்கே இல்லை. தன் அக்கா இருக்கும் ஊரில் வேறு பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்துவிட்டாளாம்.  வீடு பூட்டிக் கிடக்கிறது. பின்சீட்டு மட்டும் இன்னும் மொட்டைமாடியில் இருக்கிறது. கப்பல்காரப் பையனுக்கும் வேறெங்கோ முடிந்துவிட்டது.

என் மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அந்த வெல்டரோடு. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் மாலையோடு வாசலில் வந்து நின்றார்கள். அன்றைக்கே ஊரைவிட்டும் போனார்கள். போகும்போது அவள் என் காலில்கூட விழவில்லை. வாசற்படியிலேயே நின்று, “அந்த வரனைக் கலைச்சு விடுங்கன்னு நான்தாம்மா பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட கெஞ்சினேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்கு வாங்கினேன்” என்றாள்.

செத்தவரை நல்லவராக்கப் பெண் ஏதோ கதை கட்டிவிடுகிறாள். டீ கொடுக்க அவளை அனுப்பியதே நான். தினம் போனாள், தினம் வந்தாள், குழாயை வளைக்கிறார்கள் என்றாள். என் வீட்டுக்குள் எனக்குத் தெரியாமல் ஒன்று நடக்குமா, ஐயா?