ஐம்பத்தைந்து டெசிபல்

வாசகப் பெருமக்களே, காலைத் தேநீரைக் கையில் ஏந்தியபடியே வாருங்கள். கூடலூர் மலைச்சரிவில் நிகழும் ஓர் அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் ஐம்பத்தைந்து டெசிபல்; இதுவே சட்டம். என் வீட்டெதிரே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கான கோயில் கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி, தினமும் காலை ஆறரைக்குத் தொண்ணூறைத் தொட்டது.

முப்பத்தொரு மனுக்கள் எழுதினேன். காவல் உதவி ஆய்வாளர் தரணிதரன் எதையும் மறுக்கவில்லை. "அளக்குற மிசினு ஊட்டியில ஒன்னுதானுங்க இருக்குது. அது வந்து சேர்றதுக்குள்ள மைக்கை அணைச்சுப்போடறாங்க," என்றார். சட்டம் இருந்தது, அதற்குக் காது இல்லை.

மைக்கில் பேசுபவன் எஸ்டேட் காவலாள் லிங்கசாமி. கொழுந்து பறிக்கப் போவோருக்கு, யானை எங்கே நிற்கிறது என்று அறிவிப்பான். ஒலியைக் குறைக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, மொதல்ல ஆனைக்கு ஒரு மனு எழுதுங்களேன், மெதுவா நடக்கச் சொல்லி."

எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்து பறிக்கும் சசிகலா மட்டும் சிரிக்கவில்லை. கூடையை இறக்கிவைத்துப் பொறுமையாக விளக்கினாள்: "மைக்கு பேசுனா சுத்து வழிங்க சார். பேசலைன்னா நேர் வழி. எங்களுக்கு அவ்வளவுதானுங்க."

நன்றாகவே புரிந்துகொண்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நேர்வழியின் வளைவுக்கு அப்பால் ஒற்றைக் கொம்பன் யானை நிற்பதை என் சன்னலிலிருந்து கண்டேன். லிங்கசாமி கோயிலை நோக்கி ஓடிவருவதும் தெரிந்தது. அவன் மைக் அறையின் கதவைத் திறப்பதற்குள், எதிரே இருந்த கம்பத்துக்குப் போய் ஒலிபெருக்கியின் வயரைத் தோட்டக் கத்தரியால் வெட்டினேன். அறைக்குள் அவன் பேசியது எனக்குக் கேட்டது. கைப்பேசியில் அளந்தேன்: ஐம்பத்திரண்டு. சட்டத்துக்கு உட்பட்ட ஒலி.

கூம்பு பேசவில்லை என்பதை அவன் உணர்வதற்குள் சசிகலா என் வேலியோரம் வந்துவிட்டாள். "வணக்கமுங்க சார்," என்றாள். நானும் வணக்கம் சொன்னேன். அவள் நேர்வழியில் இறங்கினாள்.

அவளது அலறல் எழுபத்தெட்டு காட்டியது. ஒரே நொடிதான், ஆகவே குறித்துவைக்கவில்லை.

ஆம், வெட்டியவன் நான். யானை நிற்பது தெரிந்து, அவள் வருவதும் தெரிந்தே வெட்டினேன். ஆயினும், நீதிமன்றத்தில் நிற்கவேண்டியவன் நான் ஒருவன்தானா? அதே கம்பத்தில் இப்போது இரண்டு கூம்புகள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் அவள் பெயரைச் சொல்லித் தொடங்குகிறார்கள். தொண்ணூற்றாறு டெசிபல்.

முப்பத்திரண்டாவது மனுவை இத்துடன் இணைத்துள்ளேன். மனசாட்சி உள்ளோரே, கையெழுத்திடுங்கள்.