தட்டையான துப்பாக்கி

வேட்டிக்கு மேல் சட்டையைத் தொளதொளவென்று தொங்கவிட்டால் தொப்பை தெரியாது. போடியில் பாதி ஏலக்காய் வியாபாரிகள் அந்த உபாயத்தில்தான் இளைத்தவர்கள்போல் திரிகிறார்கள். எனக்குத் தொப்பை கிடையாது. நான் சட்டையைப் பெரிதாகத் தைக்கச் சொன்னதற்குக் காரணம் வேறு. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். உங்கள் ஏட்டுக்கு என் வேகத்துக்கு எழுத வராது என்பது முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிட்டது.

எழுபத்தெட்டில் மலைப்பாதையில் இரண்டு ஜீப்புகளை மறித்துக் கொள்ளையடித்தார்கள். அதற்குப் பிறகு ஏலத்தோட்டம் வைத்திருந்த எல்லோருக்கும் துப்பாக்கி ஆசை பிடித்துக்கொண்டது. லைசென்ஸ் கேட்டு மதுரை கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தார்கள். கிடைத்தவர்கள் வாங்கி வந்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும். தேவாரம் ஊர்க்காரர் ராக்கையா, யானை விரட்டுகிற இரட்டைக்குழலை ஜீப்பின் முன்சீட்டில் நட்டுவைத்துக்கொண்டு போவார், கரும்பு கொண்டுபோகிறவர்போல. இன்னொருவர் ரிவால்வர் வாங்கினார். ரிவால்வருக்கு நடுவில் உருளை இருக்கிறது. இடுப்பில் தேங்காய்மூடியைக் கட்டிக்கொண்டதுபோல் புடைக்கும். நீங்கள் வைத்திருப்பதும் அதுதான். வழிமறிக்கிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான். பார்த்தபின் உங்களைத்தான் முதலில் சுடுவான். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. நானே யோசித்தேன். ஆயுதம் இருப்பது வெளியே தெரியக் கூடாது. அதில்தான் அதன் பாதி பலம். மதுரையில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் மூன்று நாள் உட்கார்ந்தேன். பட்டாளத்துக்காரர்கள் வைத்திருக்கிற பெரிய பிஸ்டல்களில் சிலவற்றுக்குத் தோட்டாக்களை இரண்டு வரிசையாக அடைப்பார்கள் என்றும், அதனால் பிடி தடித்துவிடும் என்றும் கடைக்காரர் சொன்னார். நான் எடுத்தது ஒற்றை வரிசை. ஏழு தோட்டாவும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கட்டைவிரல் அகலத்துக்குமேல் தடிமன் இல்லை. யாரோ வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி விட்டுப்போன பழைய சாமான். உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினால் குழலின் நுனி மட்டும் தெரியும்.

"ரொம்பச் சின்னதா இருக்கேண்ணே. எல்லாரும் பெருசாத்தான் கேக்குறாக" என்றார் கடைக்காரர்.

எல்லாரும் கேட்பதால்தான் அது எனக்கு வேண்டாம் என்றேன்.

மெல்லிய தோலில் உறை தைத்து, பெல்ட்டுக்கு உள்பக்கமாக வலது இடுப்பில் வைத்தேன். குனிந்து பார்த்தேன். ஜீப்பில் ஏறி இறங்கினேன். கல்யாண வீட்டில் பந்தியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்து இலையில் ஒரு போலீஸ் அதிகாரி இருந்தார். பாயசத்தைத் தவிர அவர் எதையும் கவனிக்கவில்லை. ஒரு வருடம் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.

இப்போது தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏலக்காய் எடுக்கிற பெண்கள் கீழே சிலமலை ஊரிலிருந்து காலையில் ஜீப்பில் வருவார்கள். சாயங்காலம் எடை போட்டு முடிந்ததும், ஸ்டோர் வாசலில் வரிசையாக நின்று சேலை மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். ஒரு கைப்பிடி பச்சைக்காய் மடியில் போனாலும் போனதுதானே. இந்த வழக்கத்தை நான் கொண்டுவரவில்லை. எல்லாத் தோட்டத்திலும் உண்டு. மற்ற முதலாளிகள் கங்காணியிடம் விட்டுவிடுவார்கள், நான் நேரில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெண்களுக்கு அதில் வெட்கம் எதுவும் கிடையாது. இருக்கும் என்று பேசுகிறவர்கள் அவர்களோடு பழகியதில்லை.

என்னிடம் ஒரு சிறு பழக்கம் வந்திருந்தது. துப்பாக்கி இடத்தில் இருக்கிறதா என்று சட்டைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். மடியில் காயை ஒளித்தவளும் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பாள். கங்காணிகள் திருடியைக் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான். அந்த மலையில் ஒருவருடைய இடுப்பு கொஞ்சம் மேடாகத் தெரிந்தால் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றே ஒன்று: காய். துப்பாக்கி என்று நினைப்பதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டும்.

தோட்டம் எனக்கும் என் அண்ணன் சோலைமலைக்கும் பொது. ஆகவே, தம்பி அண்ணனுக்குத் தெரியாமல் மடியில் காய் கடத்துகிறான் என்று ஜீப்பில் பேச்சு கிளம்பியது. கிளப்பியவள் மொக்கம்மாள். நாற்பது வயதிருக்கும், சிலமலை ஜீப்புக்கு அவள்தான் கோமாளி. பேச்சு மலையிறங்கிப் போடிக்கு வந்தது. ஏலம் நடந்த ஒரு நாள் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. மடியில காயக் கொண்டு போறியாமே. வேணும்னா எங்கிட்ட கேட்டு எடுத்துக்கடா. எனக்கு இருக்குறதே நீ ஒருத்தன்தான்."

சட்டையைத் தூக்கிக் காட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். காட்டவில்லை. காட்டிவிட்டால், இத்தனை யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்கு என்ன அர்த்தம்? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவர் என்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நடந்தது கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை, ஐந்து மணிக்கு முன்னால். நல்ல வெளிச்சம் இருந்தது. மொக்கம்மாளின் முறை வந்தது. மடியை உதறினாள். இரண்டு இலைத் துணுக்குகள் விழுந்தன. அவள் நகரவில்லை.

"நான் ஒதறிட்டேன் மொதலாளி. அடுத்தது நீங்க."

வரிசை முழுவதும் சிரித்தது. கங்காணி சின்னச்சாமி, "ஏ மொக்கம்மா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா வெரசாப் போ. ஜீப்பு நிக்குது" என்றான்.

"நிக்கட்டும்ணே. ஆறு வருசமா எங்க மடியப் பாக்குறாக. அவுக மடிய நாங்க ஒருநா பாத்தா என்ன, தேஞ்சா போயிரும்?"

நான் கோபப்படவில்லை. இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டையை ஒதுக்கினேன், துப்பாக்கியை எடுத்தேன், எல்லோருக்கும் தெரியும்படி நீட்டிப் பிடித்தேன். திருட்டுப் பழி அந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டது. சின்னச்சாமி கும்பிட்டுவிட்டான். பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். அவள் முகத்திலும் பயம் வந்தது, நான் பார்த்தேன். அதோடு அவள் போயிருந்தால் நானும் அதை உறையில் போட்டிருப்பேன்.

ஆனால் அவள் கொஞ்சம் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"ஆத்தாடி, துப்பாக்கியா? நாங்க காயுன்னுல்ல நெனச்சோம்" என்றாள். பிறகு, "இம்புட்டுத்தானா மொதலாளி? எம் மகன் திருவிழாவுல வாங்குனது இதவிடப் பெருசு" என்றாள்.

முதலில் பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். பிறகு மற்றவர்கள். சின்னச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்கியது. மூன்று நாள் அந்தக் கடையில் உட்கார்ந்து நான் யோசித்தது என்ன என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கும் புரியப்போவதில்லை. விளக்கிச் சொல்வது வீண் என்று தோன்றியது.

நான்கடி தூரம். அந்தத் தூரத்துக்கு இந்தச் சின்ன ரகம் தாராளமாகப் போதும். பெரிது வேண்டும் என்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். இரண்டாவது தோட்டா எதற்கு என்று நேற்றும் கேட்டீர்கள். முதல் வெடிச் சத்தத்துக்குப் பிறகும் பின்வரிசையில் ஒருத்தி சிரிப்பது எனக்குக் கேட்டது. செல்லக்கிளி என்று பேராம். அது அழுகை என்று பிறகு சொன்னார்கள். தோளில்தான் பட்டது, பிழைத்துக்கொள்வாள்.

மொக்கம்மாள் துப்பாக்கியைப் பறிக்கக் கையை நீட்டினாள் என்று முன்பு எழுதிக்கொடுத்தேன். அது வக்கீலின் யோசனை. மட்டமான யோசனை, பறிக்க வந்தவளைக் கண்டு நான் பயந்ததாக ஆகிவிடும். அதை அடித்துவிடுங்கள். கொன்றது நான்தான், தெரிந்தே செய்தேன் என்று எழுதுங்கள். நான் காய் திருடியதாக மட்டும் எங்கும் ஒரு சொல் வரக் கூடாது.

அவள் கை எங்கே இருந்தது என்று கேட்கிறீர்கள். இரண்டு கையாலும் முந்தானையை எடுத்து வாயைப் பொத்தியிருந்தாள். முதலாளி முன்னால் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது என்கிற மரியாதை தெரிந்தவள்தான். அந்த விஷயத்தில் அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.