பச்சை டிக் படாத ஒரு வரி

கணக்கியல், வரிவிதிப்பு, தணிக்கை என்னும் கடுந்துறை மூன்றையும் கரைத்துக் குடித்தவரே, திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி முப்பத்தோர் ஆண்டுகள் சித்தூர் வந்தும் முதல் மணிக்கு முன்பே முகம் காட்டியவரே, முதுகலை வணிகவியல் துறையின் முதன்மையே, பேராசிரியர் கலைவாணி அம்மையார் அவர்களே, வணக்கம்!

தங்கள் தணிக்கை வகுப்புக்குச் சட்டம் ஒன்றுதான்: கண்ணால் பார்த்ததற்கு மட்டுமே பச்சைப் பென்சிலில் டிக். அவர் சொன்னார், இவர் சொன்னார் என்பதற்கெல்லாம் டிக் கிடையாது. அந்தச் சட்டத்தைத் தங்கள் மீதே தாங்கள் செலுத்திய நாளைச் சொல்லாமல் இந்தப் பணி ஓய்வு வாழ்த்துமடல் நிறைவுறாது.

மூன்றாண்டுகளுக்கு முன், வருமான வரிப் பாடத் தேர்வுத்தாள் திருத்தும் வாரம். புத்தலப்பட்டிலிருந்து வரும் ஒப்பந்த விரிவுரையாளர் உமாபதியின் கையில் விடைத்தாள் கட்டு. கூடவே தாங்கள் தயாரித்த விடைக்குறிப்பு. அவ்வாண்டு மாறிய விதியைக் கவனியாமல், பழைய விதிப்படியே விடை வகுத்திருந்தீர்கள். புது விதியைச் சரியாக எழுதிய ஏழு பேர் தோற்கவிருந்தனர். சொல்லிவிடலாம்தான். ஆனால் உமாபதியின் பணி நீட்டிப்புத் தாள் தங்கள் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவர் வீட்டிலோ ஆறு மாதக் கைக்குழந்தை. மனிதர் இரண்டு முறை வாசல்வரை வந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் திரும்பிப் போனார். மூன்றாம் முறை உள்ளே நுழைந்தார்.

“மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த ஆன்சர் கீ போன வருஷ ரூல்ல கீது. கரெக்டா எழுதுன பசங்களுக்கு மார்க் போய்க்கினு கீது.”

தாங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தீர்கள். “தப்பு என்னுதுதான் உமாபதி,” என்று சொல்லி, விடைக்குறிப்பின் மேல் அதையே எழுதிக் கையொப்பமிட்டீர்கள். அவர் மூச்சு விடுவதற்குள் அடுத்த வார்த்தை வந்தது.

“உன் ரின்யூவல்ல நான் கையெழுத்து போடமாட்டேன்.”

உமாபதி கையிலிருந்த விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்தார்.

“நான் போட்டா உன் வாய மூடப் போட்டதா ஆவும். வேணாம்னு எழுதுனா பழி தீத்ததா ஆவும். ரெண்டும் ஆடிட்டுக்கு ஆவாதுப்பா. பிரின்சிபால் பாக்கட்டும்.”

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, அந்த நீட்டிப்புத் தாளோடு முதல்வருக்கு அனுப்பினீர்கள். ஏழு பேருக்கும் மதிப்பெண் சேர்ந்தது. உமாபதியோ பத்தொன்பது நாள் தூக்கமின்றித் தவித்தார். அந்நாட்களில் தங்களை மனதாரத் திட்டியதாக அவரே ஒப்புக்கொள்கிறார். இருபதாம் நாள் முதல்வரின் கையெழுத்தோடு நீட்டிப்பு வந்தது. தன் வேலைக்குத் தான் யாருக்கும் கடன்படவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று பிடித்த பிரமிப்பு அவருக்கும் எங்களுக்கும் இன்றுவரை தெளியவில்லை.

இம்மடலை எழுதியவரும் உமாபதியே. புகழுரை என்றாலும் தாங்கள் சும்மா விடமாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே அலுவலகத்து யமுனா கோப்புகளைப் பரப்பிவைத்து, வரிக்கு வரி சரிபார்த்துப் பச்சை டிக் போட்டார். முப்பத்தோர் ஆண்டுகள்: பணிப்பதிவேட்டில் பார்த்தாயிற்று. தவற்றை ஒப்புக்கொண்ட கடிதம்: பார்த்தாயிற்று. கடைசி வரியில் பென்சில் நின்றுவிட்டது.

“தாங்கள் நூறாண்டு நோயின்றி வாழ்வீர்கள்” என்பது அந்த வரி. “இன்னும் பாக்கலியே, எப்பிடி டிக் போடறது?” என்றார் யமுனா. நியாயம்தானே.

ஆதலால் இம்மடலைக் கண்ணாடி பதிக்காமல் சட்டமிட்டுத் தருகிறோம். ஆண்டுதோறும் திருச்சானூர் வந்து, தங்களைக் கண்ணால் பார்த்து, அந்த வரிக்கு ஒரு டிக் போட்டுவிட்டுப் போவோம்.

இங்ஙனம்,
பச்சைப் பென்சிலைக் கைவிடாத
வணிகவியல் துறையினரும் அலுவலகத்தாரும்,
சித்தூர்