ஆறாம் பக்கத்துத் தொடர்ச்சி

ஒரு கட்டுரை தொடங்கிய பக்கத்திலேயே முடிந்துவிட்டால் அதைவிட நிம்மதி வேறில்லை, ஐயா. ஆனால் முதல் பக்கத்தில் எல்லாருக்கும் இடம் வேண்டும். தலைவர் படம், ரமலான் வாழ்த்து, டாக்டர் கட்டுரை, எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும். அதனால் கொஞ்சத்தை அங்கே வைத்துக்கொண்டு மிச்சத்தை உள்ளே தள்ளுவோம். கணினியில் அது பெரிய வித்தை இல்லை. எழுத்தை ஒரு பெட்டியில் ஊற்றுகிறோம். கொள்ளாமல் போனால் பெட்டியின் கீழ் மூலையில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி வரும். அதைத் தொட்டுவிட்டு ஆறாம் பக்கத்துக் காலிப் பெட்டியைத் தொட்டால் மிச்சம் அங்கே போய் இறங்கிவிடும். அப்புறம் இங்கே ஒரு வரி கூடினால் அங்கே ஒரு வரி தானாக நகரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவது இது புரிந்தால்தான் புரியும்.

என் பெயர் வஹீப். ஸிஃப்தா ஊரில் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பக்கம் வடிவமைக்கிறேன். சிறுநீரக நோயாளிகள் சங்கத்தின் மாத இதழ் எட்டே பக்கம். அதை நான் கூலி வாங்காமல் செய்து கொடுத்தேன். பெரிய மனதென்று எழுதிக்கொள்ள வேண்டாம். என் மனைவி கரீமானுக்குச் சங்கத்து மையத்தில் ஓர் இடம் வேண்டியிருந்தது.

மையத்தில் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷின் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நாற்காலி, நாளைக்கு மூன்று முறை மாறி மாறி ஆட்கள். எல்லா இடமும் நிறைந்திருந்தது. கரீமான் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயராகப் பதினான்கு மாதம் இருந்தாள். அதுவரை ஒன்றரை மணி நேரம் மைக்ரோபஸ்ஸில் நகரத்துக்குப் போய்வந்தோம். மூன்று தடவை தேவைப்படுகிறவளுக்கு அங்கே வாரத்துக்கு இரண்டு தடவைதான் கிடைத்தது. திரும்பி வரும்போது மடியில் பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு சத்தம் வராமல் வாந்தி எடுப்பாள். பக்கத்தில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்பாள். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் அரபி சொல்லிக்கொடுத்தவள், ஐயா. அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மையத்து மேலாளரிடம் எத்தனையோ தடவை நடந்தேன். தங்கமான மனிதர். "இடம் காலியானா முதல் ஃபோன் உங்களுக்குத்தான் உஸ்தாத். துஆ செஞ்சுக்கிட்டே இருங்க" என்பார். எதற்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். புதுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு மெஷினை விட்டுப் போகிறவர் வருடத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். மற்றபடி நாற்காலி காலியாக ஒரே வழிதான் உண்டு. அதை யாரும் வாயால் சொல்வதில்லை. துஆ என்கிறார்கள்.

அந்த வருடம் ரமலான் ஆகஸ்டில் வந்தது. மையத்து டாக்டர் லுத்ஃபி இரண்டு கட்டுரை கொடுத்தார். ஒன்று மெஷினில் இருப்பவர்களுக்கு. இன்னொன்று புதுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு. இரண்டுக்கும் முதல் பக்கத்தில் இடம் வைத்து, மிச்சத்தை ஆறாம் பக்கத்தில் இரண்டு பெட்டிகளில் இறக்கினேன். டாக்டர் அவசரக்காரர். இரண்டிலும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்: 'நோன்பு திறக்கும்போது நீங்கள் மறக்கக் கூடாதது.' அதற்குப் பிறகுதான் கட்டுரைகள் பிரிந்தன. மெஷின்காரர்களுக்கு ஒரு பேரீச்சம்பழம்கூட ஆகாது, உலர்ந்த பாதாமிப் பழக் கூழைக் கரைத்துக் குடிக்கும் கமர்தீனைத் தொடவே கூடாது, அதிலுள்ள பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும், தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். மற்றவர்கள் மூன்று பழம் சாப்பிடலாம், கமர்தீன் ஒரு டம்ளர் நல்லது, தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

வழக்கம்போல் பிழை பார்க்க மெய்ப்புத் தாளைக் கரீமானிடம் கொடுத்தேன். படுக்கையில் சாய்ந்துகொண்டு சிவப்புப் பென்சிலால் இரண்டு எழுத்துப் பிழையைச் சுழித்தாள். "பரவாயில்ல உஸ்தாத், இந்த மாசம் தேறிட்டே" என்றாள். வாத்தியார் என்று ஊரார் மரியாதைக்குச் சொல்லும் உஸ்தாத்தை அவள் கேலியாகச் சொல்வாள். நான் அவளைவிட ஐந்து வயது மூத்தவன். ஆனாலும் அவளுக்கு நான் கடைசி பெஞ்சுப் பையன்தான். டாக்டரும் அந்தத் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அச்சுக்கு அனுப்புவதற்கு முன் நான் இரண்டு இணைப்பையும் கழற்றினேன். இரண்டு கட்டுரையும் அந்த ஒரே வாக்கியத்தோடு முதல் பக்கத்தில் நிற்கும்படி வரி இடைவெளியைக் கொஞ்சம் இழுத்தேன். பிறகு இதன் மிச்சத்தை அந்தப் பெட்டியிலும் அதன் மிச்சத்தை இந்தப் பெட்டியிலும் இறக்கினேன். ஒட்டுப் போட்டது தெரியவே தெரியாது. ஓர் எழுத்தைக்கூட நான் அழிக்கவில்லை, ஐயா. டாக்டர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அந்தத் தாளில் இருக்கிறது.

இன்னார் என்று நான் யாரையும் நினைக்கவும் இல்லை. இதழ் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுவார்கள். மருத்துவமனை உணவுத் தாள் கையில் இருக்கும், அது போதும் அவர்களுக்கு. பக்கத்தைப் புரட்டி ஆறாம் பக்கம் வரை போகிறவர் சிலர்தான். நான் கேட்டது ஒரே ஓர் இடம்.

வீட்டுக்கு இதழைக் கொண்டுபோகவில்லை. எல்லாம் தீர்ந்துபோயிற்று என்று சொன்னேன். கரீமான் தான் திருத்திய சரியான தாளையே வைத்துக்கொண்டு அதன்படி நடந்தாள். அந்த அளவுக்கு எனக்கு அவள்மேல் அக்கறை இருந்தது என்பதைத் தயவுசெய்து பதிந்துகொள்ளுங்கள்.

ரமலான் மூன்றாம் நாள் ரொட்டிக் கடை வரிசையில் உம்மு ஷாதி என்னைக் கூப்பிட்டார். வாரத்தில் மூன்று நாள் காலையில் மையத்து ஜன்னலோர நாற்காலியில் உட்காருகிறவர். ஒன்பது வருடமாக மெஷினில் இருந்தார். கையில் இதழ் நான்காக மடித்திருந்தது.

"உஸ்தாத், ஒன்பது வருஷம் கழிச்சு நேத்து மூணு பழம் சாப்பிட்டேன். கமர்தீனும் குடிச்சேன். பேரப் புள்ளைங்களோட ஒரே தட்டுல. டாக்டர் மனசு எப்பவோ எளகியிருக்கு, நீங்கதான் போட்டுச் சொல்லியிருக்கீங்க. உங்க கைக்கு ஒரு நோவும் வரக் கூடாது."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வேண்டாம் உம்மு ஷாதி, அது அடுத்தவர்களுக்கு எழுதியது என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர்தான் நின்றார்கள். நான் "நல்லா இருங்க" என்றேன். எனக்குரிய ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் நோன்பு திறந்த கொஞ்ச நேரத்தில் அவர் இதயம் நின்றுபோயிற்று. நல்ல மாதத்தில் போனார், கொடுத்து வைத்தவர் என்று எல்லாரும் சொன்னார்கள். மெஷினில் இருப்பவர்கள் இறந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அடக்கத்துக்கு நானும் போனேன், தோள் கொடுத்தேன். மறுநாள் மேலாளர் ஃபோன் செய்தார்.

அந்த மூன்று வாரம் எங்களுக்கு நல்ல காலம். வீட்டிலிருந்து மையத்துக்கு நடந்தே போனோம். கரீமான் முகத்தில் மறுபடி களை வந்தது. பெருநாளைக்குக் கஹ்க் பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்தாள், மாவில் நெய் போதாது என்று என்னைத் திட்டினாள். நான் செய்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

நான்காம் வாரம், சனிக்கிழமை. ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்தில் சிறிய இழுப்பறை ஒன்று உண்டு. கரீமான் அன்றுதான் அதைத் திறந்தாள். அதில் உம்மு ஷாதியின் மூக்குக் கண்ணாடியும் தஸ்பீஹ் மாலையும் இதழும் அப்படியே இருந்தன. அவள் படிக்காமல் இருக்க மாட்டாள், கையில் எது கிடைத்தாலும் படிப்பாள். பாதியிலேயே குழாயைக் கழற்றச் சொல்லிவிட்டாள் என்று நர்ஸ் பிறகு சொன்னார்.

நான் அச்சகத்திலிருந்து வீடு திரும்பியபோது இதழ் என் கணினி விசைப்பலகைமேல் விரித்திருந்தது. கரீமான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"நான் பார்த்தப்போ சரியாத்தானே இருந்துச்சு?" என்றாள்.

சில சமயம் மென்பொருளே இணைப்பைக் குழப்பிவிடும், பழைய பதிப்பு என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். தவறான விடையை மாணவன் திருத்திக்கொள்ள நேரம் கொடுப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். நான் திருத்திக்கொள்ளவில்லை.

"அந்த நாற்காலி இன்னும் சூடாத்தான் இருக்கு, வஹீப்" என்றாள். உஸ்தாத் என்று அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.

திங்கட்கிழமை மையத்துக்கு வர மறுத்துவிட்டாள். புதன்கிழமையும் வரவில்லை. கெஞ்சினேன், காலைப் பிடித்தேன், டாக்டர் லுத்ஃபியை வீட்டுக்கே கூட்டிவந்தேன். அவரிடமும் அவள் எதையும் சொல்லவில்லை. பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தாள். மெஷின் அலுத்துப்போய்விட்டது, சிலருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். நானும் அதைத்தான் நம்புகிறேன்.

இத்தனை மாதம் கழித்து ஏன் வந்தாய் என்று உங்கள் காவல் நிலையத்து எழுத்தர் கேட்டார். இதோ, அந்த இதழ். ஆறாம் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் இரண்டு அம்பு போட்டிருக்கிறாள் பாருங்கள், இந்தப் பெட்டி அங்கே, அந்தப் பெட்டி இங்கே என்று. நோயாளியின் கைபோலவே இல்லை, கோடு நேராக இருக்கிறது. திருத்தம் குறித்த தாளைச் சரிசெய்யாமல் கிழிக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். என்னால் கிழிக்க முடியவில்லை, வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை.

ஆம், உம்மு ஷாதியைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கரீமான் விஷயத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டிருப்பேன். ஆறாம் பக்கத்தில் அதற்கு நாலு வரி இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தேன், ஐயா. அவள்தான் கொஞ்சம் பொறுக்கவில்லை.