மூக்கு தேய்ந்த வீரனும் விளிம்பு பார்க்கும் அம்மையாரும்

ப்ளாக்ஸ்டோன் ஆற்றங்கரை ‘வெதரில்’ பதக்கக் கூடத்தின் பட்டியல் பொறுப்பாளர், மாண்பமை அம்மையார் ஹெர்மின் டுப்ரே அவர்களின் பணிநிறைவு விழாவில், உடன் உழைத்தோர் உவந்து வாசித்தளிக்கும் மடல்

வெண்கலத்தின் வாய்மொழி அறிந்த வித்தகியே, விளிம்பிலே வரலாறு வாசித்த விழியுடையீரே, பதக்கங்களின் பாதுகாவலரே, பாலிஷ் டப்பாக்களின் பரம வைரியே, வணக்கம்.

அம்மையீர், மடல் என்றால் முதல் வரியிலேயே கண்ணீர் வடிக்க வேண்டும் என்பது மரபு. எங்களுக்கோ முதலில் வந்தது ஒரு பெருமூச்சு. வரும் திங்கட்கிழமை முதல் நாங்கள் பதக்க அறைக்குள் காபிக் கோப்பையோடு நுழையலாம். புகைப்படப் பிரிவின் ரஸ்ஸல் டவாரெஸ் மூடி போட்ட கோப்பை ஒன்றை இப்போதே வாங்கி மேசைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார். தும்மல் வந்தால் தாழ்வாரத்துக்கு ஓட வேண்டாம். மோதிரத்தைக் கழற்றி ஜேபியில் போட்டு வீட்டில் மனைவியிடம் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். அப்பாடா என்று இருக்கிறது. இருந்தும் அந்தக் கோப்பையை முதலில் யார் உள்ளே கொண்டுபோவது என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

தாங்கள் இங்கு வந்த காலத்தில், பதக்கங்கள் பழைய சுருட்டுப் பெட்டிகளில் கிடந்தன. ஆப்பிள் கண்காட்சியின் முதற்பரிசும், பாலத் திறப்பு விழாவின் நினைவுப் பதக்கமும், வங்கியின் நூற்றாண்டும், புறாப் பந்தயத்தின் வெற்றியும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, உரசி, ஒன்றின் முகத்தை ஒன்று கீறிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்து, எடை பார்த்து, அளவு பார்த்து, அச்சால் அடித்ததா உருக்கி வார்த்ததா என்று ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழியும் ஒரு குறிப்பும் தந்து குடியமர்த்தினீர்கள். பெயர் தெரியாத செனட்டர் ஒருவரின் காது மடலைப் பார்த்தே இது இன்ன சிற்பியின் கைவண்ணம் என்று சொன்னீர்கள். இதென்ன ஜோசியமா என்று நாங்கள் சிரித்தோம். பிறகு அந்தச் சிற்பியின் பேத்தி அதே காதோடு ஒரு மண் மாதிரியை எடுத்து வந்தபோது, சிரித்த வாயை மூடிக்கொண்டோம்.

தங்கள் சட்டங்கள் இரண்டே. முதலாவது, விளிம்பை முதலில் பார். இரண்டாவது, துடைக்காதே. "முகம் அழகா பொய் சொல்லும்ப்பா. முதுகு மழுப்பும். விளிம்புதான் உள்ளதைச் சொல்லும்" என்று புதிதாக வந்தவர் ஒவ்வொருவருக்கும் சொல்வீர்கள். வார்த்தவர் பெயர், வாங்கியவர் பெயர், உலோகத்தின் பெயர் எல்லாம் அங்கேதான் ஒண்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது சட்டம் தங்கள் உயிர்மூச்சு. வெண்கலத்தின் மேல் காலம் பூசும் அந்தப் பழுப்பு நிறத்தைச் சுரண்டியவர் யாராயினும் தங்கள் அகராதியில் அவர் கொலைகாரர். நன்கொடை தர வந்த நல்ல மனிதர்களைக்கூட "எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சீங்களா?" என்று தாங்கள் கேட்ட தொனியில், அவர்கள் பதக்கத்தோடு பதக்கமாய் வெலவெலத்துப் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இத்தகைய தங்களுக்கும் ஒருமுறை சறுக்கியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அதை இந்த மேடையில் சொல்லலாமா என்று தயங்கித் தங்களிடமே கேட்டோம். "சொல்லுங்க. சொல்லாம விட்டாத்தான் பட்டியல்ல பிழை" என்றீர்கள். ஆகவே சொல்கிறோம்.

இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, பதக்கங்கள் நிறைந்த பிஸ்கட் டின் ஒன்றை நம் கூடம் வாங்கியது. அதற்குள் ஒன்று பளபளவென்று, துலக்கிய செம்புப் பானைபோல மின்னியது. தீயினின்று ஒரு பெண்ணைத் தோளில் தூக்கி வரும் வீரனின் உருவம். தேய்த்துத் தேய்த்து அந்த வீரனுக்கு மூக்கே இல்லை. பின்புறத்து எழுத்துகளோ கரைந்த சோப்பு. அதைக் கண்டதும் தங்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அம்மம்மா. "இது ஏதோ கத்துக்குட்டி பிற்காலத்துல வார்த்த நகல். இதுக்கு ஒரு குழி வேற தண்டமா?" என்று சொல்லி, பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கென்று நாம் அனுப்பும் நகல்கள் பெட்டியில் அதைப் போட்டுவிட்டீர்கள். ஊருக்கெல்லாம் விளிம்பைப் பார்க்கச் சொன்னவர், அன்று முகத்தைப் பார்த்த ஆத்திரத்தில் விளிம்பைப் பார்க்கவில்லை. துடைத்த பதக்கத்தின் மேல் அத்தனை வெறுப்பு இருந்தால்தான் இந்தப் பிழை நேரும். எங்களைப் போன்ற சோம்பேறிகளுக்கு இது வாய்க்காது.

சென்ற மே மாதத்தில் ஒரு காலை, திருமதி ரோவீனா ஹாட்ஜ் என்னும் முதிய பெண்மணி நம் வாசலில் வந்து நின்றார். இறந்த சகோதரரின் வீட்டை ஒழித்தபோது, தமக்குத் தெரியாமலே அந்தப் பிஸ்கட் டின்னும் ஏலத்துக்குப் போய்விட்டது என்றார். "எங்கப்பா ஆம்புரோஸ் கியர்ன்ஸ். சாயப்பட்டறை தீப்பிடிச்சப்போ உள்ள போயி ஆளுங்களைத் தூக்கிட்டு வந்தாரு. அதுக்கு உயிர்காப்புக் கழகம் குடுத்த மெடல் அந்த டின்லதான் இருந்துச்சு. வெள்ளத்துல அவரு போட்டோகூட மிஞ்சல, மேடம். அவரோடதுன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான்."

தாங்கள் அவருக்கு நாற்காலி தந்து, எப்போதும்போல் கேட்டீர்கள், "அடையாளம் ஏதாவது இருக்கா?"

"அந்த உருவத்துக்கு மூக்கு இருக்காது" என்றார் திருமதி ஹாட்ஜ். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எங்கம்மா அதை மடியில வெச்சுத் தேய்ப்பாங்க. அப்பா செத்தப்புறமும் நிறுத்தல. 'ஏம்மா, அந்தாளு மூக்கையே தேய்ச்சுட்டியே'ன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். 'அவரு தூங்கும்போது குறட்டை விட்டதுக்கு இது தண்டனை'ம்பாங்க."

அந்தக் கணம் தங்கள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை ரஸ்ஸல் பார்த்தார். ஏனெனில் பெட்டி அப்போது கூடத்தில் இல்லை. அது பள்ளிக்குப் போயிருந்தது. அதைவிடக் கொடுமை, முந்தின வாரம்தான் அந்தப் பள்ளியின் ஆசிரியை செல்வி பெட்டன்கோர்ட் தொலைபேசியில் கேட்டிருந்தார்: விளையாட்டு விழாப் பரிசாகக் கொடுக்க, அந்தப் பெட்டியில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளலாமா, மேல் விளிம்பில் துளையிட்டு வளையம் மாட்டலாமா என்று. "எல்லாம் வெறும் நகல்தான், தாராளமா துளை போட்டுக்குங்க" என்று தாங்களே சொல்லியிருந்தீர்கள். விளையாட்டு விழா அன்றுதான். பெயர் பொறித்திருந்தால், அது விளிம்பில்தான் இருக்கும்.

பள்ளிக்குத் தொலைபேசி செய்தால் எடுப்பாரில்லை. எல்லோரும் மைதானத்தில். ரஸ்ஸலின் பழைய டிரக்கில் தாங்கள் ஏறி உட்கார்ந்த வேகத்தை இப்போதும் அவர் சொல்லிச் சொல்லி மாய்கிறார். வழியெல்லாம் ஒரே புலம்பல்.

"பார்க்கலியே ரஸ்ஸல். கையில வெச்சிருந்தேன், திருப்பிப் பார்க்கலியே."

"சும்மா இருங்க மேடம், துளை போட்டிருக்க மாட்டாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாது. நீங்க அழுதா எனக்கு வண்டி ஓட்ட வராது, அதான்."

"நான் அழல. ரோட்டைப் பாரு."

அன்று தங்களுக்கு உறுத்தியது தங்கள் பெயர் கெடுமே என்பதல்ல. ஒரு மகள் மிச்சம் வைத்திருந்த ஒரே தகப்பனை, ஒரே ஒரு வாக்கியத்தால் செல்லாக்காசு ஆக்கிவிட்டோமே என்பதுதான். அதைத் தாங்கள் வாய்விட்டே சொன்னீர்கள். ரஸ்ஸல் வண்டியை இன்னும் விரட்டினார்.

மைதானத்தில் பிள்ளைகள் கழுத்துக்குக் கழுத்து பதக்கத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நாடாவும் வளையமுமாய் ஒவ்வொன்றும் வெயிலில் மின்னியது. தாங்கள் ஒவ்வொரு கழுத்தாய்ப் பிடித்துப் பார்த்தீர்கள். ஆப்பிள் இருந்தது, புறா இருந்தது, பாலம் இருந்தது. மூக்கில்லாத வீரனைக் காணோம். ஆசிரியை ஓடி வந்தார்.

"தேடறீங்களா? அந்தத் தீயணைக்கிற ஆளையா? அதுக்குத் துளை போடலியே. என் கிளாஸ் ரூம் அலமாரில இருக்கு."

"ஏன் போடல?" என்றீர்கள்.

"உங்க பெட்டி மூடியில நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க, விளிம்பை முதல்ல பாருன்னு? பசங்க அதைப் பாட்டா பாடிட்டு ஒவ்வொண்ணையும் திருப்பிப் பார்த்தாங்க. இதுல ஆம்புரோஸ் கியர்ன்ஸ்னு ஒரு பேரு இருந்துச்சு. இது அந்த ஆம்புரோஸோடது, நாம யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ஒரே கூச்சல். சரின்னு எடுத்து வெச்சேன். உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன், இந்த விழா அமளில மறந்துட்டேன்."

வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அன்று அது ரஸ்ஸலின் வயிற்றிலும் சேர்ந்தே வார்த்தது. தாங்கள் மீறிய தங்கள் சட்டத்தை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காப்பாற்றிக் கொடுத்தார்கள். தாங்கள் அந்தச் சின்னஞ்சிறு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, பதக்கத்தை விளிம்போடு பிடித்து, பெயரை எழுத்து எழுத்தாய்ப் படித்துவிட்டு, யாரிடமோ கேட்பதுபோல், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றீர்கள்.

பிற்பகல் கூடத்துக்குத் திரும்பினீர்கள். திருமதி ஹாட்ஜ் காலையில் கொடுத்த நாற்காலியிலேயே, கைப்பையை மடியில் வைத்தபடி காத்திருந்தார். தாங்கள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அவர் மாட்டிக்கொள்ள வெள்ளைக் கையுறையோடு பதக்கத்தை நீட்டினீர்கள். அவர் கையுறையைத் தொடவில்லை. பதக்கத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கைப்பையைத் திறந்து ஒரு துணியை எடுத்தார். எடுத்து, அவர் அம்மா செய்ததுபோலவே, தேய்க்கத் தொடங்கினார்.

ரஸ்ஸல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அலமாரிப் பக்கம் நின்றிருந்த நாங்களும் மூச்சை அடக்கினோம். இடி இறங்கும் என்று காத்திருந்தோம். இறங்கவில்லை. தங்கள் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது.

"அந்த இடது ஓரத்துல இன்னும் கொஞ்சம் மங்கலா இருக்கு பாருங்க."

அம்மையீர், தங்கள் அறிவை நாங்கள் பல காலம் மதித்தோம். தங்களை நேசித்தது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. விலைக்கு வாங்கியதை எப்படித் திருப்பித் தருவது என்று முகம் சுளித்த அறங்காவலர்களோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி, அந்தப் பதக்கத்தை அதன் வீட்டுக்கே அனுப்பிவைத்தீர்கள். பட்டியலில் தங்கள் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாய் எழுதினீர்கள். நிலை என்ற இடத்தில், துடைத்துக் கெடுக்கப்பட்டது என்று எழுதுவதுதான் தங்கள் வழக்கம். இதற்கோ, "மனைவியின் கையால் ஞாயிறுதோறும் துலக்கப்பட்டது, நன்னிலை" என்று எழுதினீர்கள். இருப்பிடம் என்ற இடத்தில், "மகள் வீட்டுச் சமையலறை ஜன்னல்" என்று இருக்கிறது. நம் பட்டியலிலேயே நாங்கள் மனப்பாடமாய்ச் சொல்லும் குறிப்பு அது ஒன்றுதான்.

திருமதி ஹாட்ஜ் இந்த அவையின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பையில் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டாம்.

விடை தரும் இவ்வேளையில் தங்களுக்கு நாங்கள் தருவதும் ஒரு பதக்கமே. ரஸ்ஸல் மெழுகில் உருவம் பிடித்தார், பட்டறையில் வெண்கலத்தில் வார்த்தோம். கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். தங்கள் பெயர் அங்கே இருக்கிறது, யாரும் அதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. முகத்தைப் பார்த்தால் சண்டைக்கு வருவீர்கள். ரஸ்ஸல் எத்தனை முயன்றும் மூக்கு சற்றுப் பெரிதாய் அமைந்துவிட்டது.

ஆகவே பெட்டிக்குள் பதக்கத்தோடு ஒரு துணியும் வைத்திருக்கிறோம். இதுவரை தாங்கள் யாருக்கும் தராத அனுமதியைத் தங்களுக்கு நாங்கள் தருகிறோம். ஞாயிறுதோறும் எடுத்து மடியில் வைத்து, ஒருமுறை மெல்லத் துடையுங்கள். நல்ல கெட்டி வெண்கலம், அவ்வளவு சீக்கிரம் தேயாது. அந்த மூக்கு முழுதும் தேய்ந்து மறையும் ஞாயிறுவரை, நோயின்றி, குறையின்றி, நெஞ்சு நிறைந்து தாங்கள் வாழ்வீர்களாக.

தங்கள் சொல்லால் விளிம்பு பார்க்கக் கற்ற,
வெதரில் பதக்கக் கூடத்துப் பணியாளர்கள்